பூவை எடுத்துவிடச் சொன்னார்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபத்தோடு எழுதக் கூடாது, ஆறப்போட்டு எழுத வேண்டும் என்பார்கள். ஆறப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை.

தொம்மலூர் பழைய ஊருக்குள் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர்கள்: எல்லம்மா, அவர் கணவர் உமேஷ், மகள் மமதா. எல்லம்மாவுக்குப் பக்கத்து ஐடி கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. உமேஷ் ஆட்டோ ஓட்டுகிறார். மமதா பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்ததும், பொருளியல் பட்டப்படிப்புக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. எதில் சேர்வது என்பதுதான் கதை.

இப்படித் தொடங்கினேன்:

"தொம்மலூரின் இருண்ட சந்து ஒன்றில், ஓர் ஏழைப் பெண்—"

மமதா படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எந்த சந்துக்கா இருட்டு? லைட்டு கண்ணுல குத்துதுன்னு நீங்கதானே ஜன்னலுக்கு ஸ்க்ரீன் வாங்கிப் போட்டீங்க? அப்புறம் ஏழைன்னா இன்னா? எங்களுக்குத்தான் நீங்க வாடகை குடுக்குறீங்க."

அந்த வரியை அடித்துவிட்டேன். [அடித்தது உங்களுக்கும் தெரியட்டும் என்று இங்கே விட்டுவைத்திருக்கிறேன்.]

2

பல்கலைக்கழகங்களின் பெயர் வேண்டாம். ஒன்று நகரத்துக்குள் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகம். கருங்கல் கட்டடம், பெரிய மரங்கள். இன்னொன்று நகரத்தைத் தாண்டி வெகுதூரத்தில், தனியார். முழுக்கக் கண்ணாடி. இனி கருங்கல், கண்ணாடி என்றே சொல்கிறேன்.

(கருங்கல் என்றதும் நேர்மை, கண்ணாடி என்றதும் பகட்டு என்று முடிவு கட்டிவிட்டீர்களா? நானும் அப்படித்தான் கட்டியிருந்தேன். கொஞ்சம் பொறுங்கள். மமதா ஆசைப்பட்டது கண்ணாடிக்குத்தான்.)

அதற்குக் காரணம் ஒரு மாதிரி வகுப்பு. கண்ணாடியில் ஒரு பேராசிரியர் பலகையில் இரண்டு கோடுகள் போட்டு, கூலியை உயர்த்தினால் வேலை எப்படிக் குறையும் என்று விளக்கியிருக்கிறார். மமதா எழுந்து, "எங்கம்மா வேலை செய்ற இடத்துல கூலி ஏறுச்சு சார், ஒருத்தரையும் நிறுத்தலையே, ஏன்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் முகம் மலர்ந்து, வகுப்பு முடிந்த பிறகும் அவளோடு நின்று பேசி, படிக்க ஒரு கட்டுரையும் கொடுத்தனுப்பினார். அன்று மாலை மாடிப்படியில் உட்கார்ந்து எனக்கு அதையெல்லாம் சொன்னாள். சொல்லும்போது அவள் கைகள் காற்றில் கோடு போட்டுக்கொண்டே இருந்தன.

கருங்கல்லிலும் நல்ல ஆசிரியர்கள் உண்டு. ஆனால் புள்ளியியல் ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. "அப்ப அந்தப் பாடம்?" என்று கேட்டதற்கு, "ஆன்லைன்ல பாத்துக்கோம்மா" என்றார்களாம்.

கண்ணாடியின் கட்டணத்தை இந்த வீடு கனவிலும் கட்ட முடியாது. ஆனால் முழு உதவித்தொகை கிடைத்தது. உமேஷ் தெரு முழுக்க மைசூர் பாக் கொடுத்தார்.

3

பிறகு கண்ணாடியின் நிதி திரட்டும் பிரிவிலிருந்து ஸ்னேஹா என்றொரு பெண் போன் செய்தாள். நன்கொடை தருகிறவர்களுக்குக் காட்ட ஒரு சின்ன வீடியோ. கட்டாயமில்லை, ஆனால் எல்லாரும் செய்வதுதான் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். ஸ்னேஹா, கேமராக்காரர், விளக்கு பிடிக்க ஒருவர். வழி தெரியாமல் ஸ்னேஹா, மமதா கொடுத்திருந்த என் எண்ணுக்குத்தான் அழைத்தாள். நான்தான் கூட்டிவந்தேன்.

எல்லம்மா மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகையும் கனகாம்பரமும் வைத்திருந்தார். கேமராக்காரர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்னேஹாவின் காதில் ஏதோ சொன்னார். முதலில் ஃபிரிட்ஜ் தெரியக் கூடாது என்றார்கள். உமேஷும் விளக்கு பிடிக்க வந்தவருமாக அதைச் சமையலறைக்குள் தள்ளினார்கள். அப்புறம் ஸ்னேஹா கேட்டாள்:

"ஆன்ட்டி, வேலைக்குப் போட்டுட்டுப் போற யூனிஃபார்ம் வீட்ல இருக்கா?"

"துவைச்சு வெச்சிருக்கேன். எதுக்கும்மா?"

"அதுல நின்னீங்கன்னா நல்லா இருக்கும். இயல்பா இருக்கும்."

[இயல்பு! விடுமுறை நாளில், சொந்த வீட்டுக் கூடத்தில், வேலைச் சீருடையில் நிற்பது எந்த ஊர் இயல்பு? விருந்தாளி வருகிறார்கள் என்று பட்டு கட்டுவது இயல்பில்லையா?]

எல்லம்மா உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். சாம்பல் நிற பேன்ட், மேலே நீலக் கோட்டு. வெட்கமும் சிரிப்புமாக நின்றார். பூ அப்படியே இருந்தது. கேமராக்காரர் அதைப் பார்த்தார், ஸ்னேஹாவைப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆன்ட்டி, அந்தப் பூவை மட்டும் எடுத்துடலாமா?"

எல்லம்மாவின் கை தலைக்குப் போனது.

"எடுக்காதம்மா," என்றாள் மமதா.

"அட, எடுத்தா இன்னாடி—"

"கை வெக்காதன்னு சொல்றேன்ல!" ஸ்னேஹாவிடம் திரும்பினாள். "மேடம், எனக்கு எதுக்கு ஸ்காலர்ஷிப் குடுத்தீங்க? நான் படிக்கிறதுக்கா, எங்கம்மா பூ வெக்காததுக்கா?"

ஸ்னேஹாவின் முகம் சிவந்தது. "சாரி மமதா. மேல இருந்து எப்படி சொல்றாங்களோ அப்படித்தான்..." என்றாள். அவளும் சின்னப் பெண்தான், அவள் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்கும். இருந்தாலும் அந்த நிமிடத்தில் அவள்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை.

விளக்கை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஃபிரிட்ஜை உமேஷ் தனியாகத்தான் திரும்பத் தள்ளினார்.

4

அடுத்த வரியை நான் இப்படி எழுதியிருந்தேன்: "எல்லம்மா மகளைக் கட்டிக்கொண்டு, கண்ணீர் மல்க—"

இல்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் திட்டிய திட்டு மாடிவரை கேட்டது.

"பூவு நாளைக்கும் விப்பான். சீட்டு விப்பானாடி? சும்னே நின்னிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். தெனம் நான் போடுற டிரஸ்ஸுதானே? எனக்கு இல்லாத வெக்கம் உனக்கு எங்கேந்து வந்துச்சு?"

"நீ ஏம்மா வெக்கப்படணும்? அவங்கதான் படணும்."

"அவங்க வெக்கப்பட்டா உனக்குப் படிப்பு வந்துடுமா?"



சில நாளில் மெயில் வந்தது. இடம் உறுதி, உதவித்தொகை மட்டும் 'மறுபரிசீலனையில்' இருக்கிறதாம். ஏன் என்று கேட்டு மமதா எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். அதற்கும் இல்லை. அதற்குள் கருங்கல்லில் சேரக் கடைசி நாள் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தாள்.

பொருளியல் என்பது மனிதர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பற்றிய படிப்பு என்று முதல் பாடத்திலேயே வருமாம். "நான் இதைத் தேர்ந்தெடுத்தேன்னு மட்டும் எழுதிடாதீங்கக்கா," என்றாள்.

5

ஆகவே முடிவில் தடுமாறுகிறேன்.

ஒரு முடிவில், அந்தப் பேராசிரியர் விஷயம் கேள்விப்பட்டுக் கொதித்தெழ, உதவித்தொகை திரும்பி வருகிறது. ஆனால் அவருக்கு எதுவும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அந்த மாதிரி இடங்களில் பாடம் நடத்துகிறவர்கள் ஒரு மாடி, பணம் திரட்டுகிறவர்கள் வேறு மாடி.

இன்னொன்றில், மமதா கருங்கல்லில் தங்கப் பதக்கம் வாங்குகிறாள். "தன்மானம் வென்றது" என்று கடைசி வரி. இதை எனக்கே பிடித்துப்போய் அவளிடம் காட்டினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் தோத்துட்டேன்க்கா. எனக்கு வேண்டிய கிளாஸ் அங்கதான் இருக்கு. நான் ஜெயிச்ச மாதிரி எழுதினா, அவங்க பண்ணது ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும்."

அதையும் அடித்தேன்.

6

இப்போது கருங்கல்லில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. புள்ளியியல் ஆசிரியர் இன்னும் வரவில்லை. அந்தப் பாடவேளை வரும்போதெல்லாம் மமதாவும் வகுப்புத் தோழர்களும் பதிவாளர் அறை வாசலில் போய் நிற்கிறார்கள். பதிவாளர் கன்னடத்தில் 'நோடோணா, நோடோணா' என்கிறாராம். பார்க்கலாம், பார்க்கலாம்.

நேற்று சாயங்காலம் எல்லம்மா வேலையிலிருந்து நேராக மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்த ஸ்னேஹா பொண்ணு நம்பரு உன்கிட்ட இருக்குதா கண்ணு?"

"எதுக்குக்கா?"

"பேசத்தான். அவங்க எப்பிடி நிக்கச் சொல்றாங்களோ அப்பிடியே நிக்கிறேன்னு சொல்லப்போறேன். மமதாவுக்குத் தெரிய வேணாம். ராத்திரில அந்த சார் குடுத்த பேப்பரையே எடுத்து எடுத்துப் படிச்சுகினு இருக்கா. பாக்க முடியல."

எண் என் போனில் இருக்கிறது. கொடுத்தால், மமதா காப்பாற்றியதை அவள் முதுகுக்குப் பின்னால் நானே விட்டுக்கொடுத்தவள் ஆவேன். கொடுக்காவிட்டால், மகளுக்காக ஒரு தாய் எடுக்கும் முடிவைத் தடுக்க, மாடியில் குடியிருக்கும் நான் யார்?

"தேடிப் பாத்து சொல்றேன்க்கா," என்றேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மூன்றாவது முடிவை எழுத உட்கார்ந்தேன்: "மறுநாள் நான் எல்லம்மாவிடம்—"

இதற்கு மேல் எழுத மாட்டேன். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் எண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்று எங்களை மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்காதீர்கள். ஒரு பெண் நன்றாகப் படிக்க வேண்டும் என்றால் அவள் அம்மா இன்ன கோலத்தில் நிற்க வேண்டும் என்று, யாரோ சிலர் கூடி உட்கார்ந்து முடிவு செய்தார்களே, முதலில் அவர்களைப் போய்க் கேளுங்கள்.