பெரட்டுக்கு நின்ற குப்பை

லிந்துலையில் மத்தியாஸ் வாடகைக்கு விட்டிருந்த வீட்டின் முன்னால் கிடந்த குப்பைப் பைகள், போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை எழுந்து வரிசையில் நின்றன. அன்று பேக்கரியில் பாண் பழைய விலைக்கே விற்றது.

வீடு சாலை வளைவில் இருந்ததால் வாகனத்தை நிறுத்தாமலே பையை வீசலாம். சுதாகரனும் சர்மிளாவும் கல்யாணமான கையோடு குடிவந்தபோது, பெயர் சொல்ல விரும்பாத ஊரார் மீன் தலையும் கோழி இறகும் அன்பளிப்பாகப் போட்டுவிட்டுப் போனார்கள். சுதாகரன் மூன்று மொழியில் பலகை வைத்தான். அதன் ஆணியில் பையை மாட்டினார்கள். சர்மிளா பிள்ளையார் படமும், பக்கத்தில் மாதா சொரூபமும் வைத்தாள். பக்தி பெருகியது. செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, அதன்பிறகே வீசினார்கள். கமரா பொருத்தினான், மறுநாள் அதுவும் ஒரு பைக்குள் பத்திரமாக இருந்தது.

தலவாக்கலையில் குடியிருந்த மத்தியாஸ், ஞாயிறு பூசை முடிந்து வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "மாசக் கடைசிக்குள்ள சுத்தமாகலன்னா காலி பண்ணிருங்க தம்பி. ஏம்பேரு கெடுது."

சர்மிளாவுக்கு ஏழாம் மாதம். போவதென்றால் மாமியாரின் ஒற்றை லயத்து அறைக்குத்தான் போகவேண்டும். "அங்க நாம படுக்கணும்னா ஒங்கம்மா எந்திரிச்சு நிக்கணுங்க," என்றாள். சுதாகரனுக்குத் தூக்கம் போயிற்று.

அவன் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. தினமும் காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு நிறுத்தி வேலை பிரிப்பவன். அந்தத் திங்கட்கிழமை அரைத்தூக்கத்தில் கதவைத் திறந்தவன், பழக்கதோஷத்தில், "என்னா படுத்துக் கெடக்கிறீங்க? பெரட்டுக்கு நில்லுங்க," என்றான். பைகள் நின்றன, குட்டையானவை முன்னால். நிறுத்தியபின் வேலை கொடுக்காமல் விடுவது முறையல்ல. "அவங்கவங்க வூட்டுக்குப் போயி அங்கயே இருங்க," என்றான்.

மீன்கடைக்காரரின் பை பூனைகள் சூழப் பிரதான சாலையிலேயே போனது. மருந்துக்கடைப் பை கௌரவம் கருதிப் பின்வாசலால் நுழைந்தது. எல்லாவற்றிலும் பெரிய கறுப்புப் பை மட்டும் தலவாக்கலை பஸ்ஸில் ஏறியது. "ஓரமா நில்லு," என்றார் கொண்டக்டர். இறங்கி நேராக மத்தியாஸ் வீட்டுச் சோபாவில் அமர்ந்தது. ஞாயிறுதோறும் பூசைக்குப் பிறகு வேனில் கொண்டுவந்து கொட்டியவர் அவர்தான். சொந்த நிலம்தானே என்று நினைத்திருந்தார். மூன்று முறை வெளியே தூக்கிப் போட்டார். மூன்று முறையும் அவருக்கு முன்னால் உள்ளே வந்திருந்தது.

மாலையே தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, எத்தன வருசம் வேணும்னாலும் இருங்க. இதக் கொஞ்சம் திருப்பிக் கூப்பிட்டுக்கங்க."

"கூப்பிட்டா வராதுங்க அய்யா. பேரு பதிஞ்ச எடத்துலதான் வேல."

அதன்பின் ஊர் திடீரென்று சுத்தத்தில் பற்றுக்கொண்டு, அடுத்த வளைவுக்குப் போய்க் கொட்டியது. சர்மிளாவின் பெண் குழந்தை அந்த வீட்டிலேயே வளர்கிறது. தலவாக்கலையில் விருந்தாளிகள் வரும்போது, மத்தியாஸின் மனைவி மெரினா அந்தப் பையின்மேல் பின்னல் துணி விரித்து, தேநீர்க் கோப்பைகளை வைக்கிறார்.