ஆறாவது இடத்தின் தண்ணீர்

புதன்கிழமை என்றால் ஓடை வேலை. ஆய்வு நிலையத்தின் வாசலில் ரப்பர் பூட்ஸுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கால் அளவுக்கு ஒரு ஜோடியைத் தேடி மாட்டிக்கொண்டு, கருவிப் பெட்டியோடு கிளம்ப வேண்டியதுதான். சுற்றுச்சூழல் படிப்புக்காக ஒரு செமஸ்டர் வெளிநாட்டுக்கு வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு அது பதினோராவது புதன். ஓடையில் குறித்து வைத்த பத்து இடங்களில் இறங்கி, தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அளந்து அட்டவணையில் எழுத வேண்டும்; அதன் பிரதி நீர்வள அலுவலகத்துக்கும் போகும். ஊரில் அவளுடைய அம்மா, "என் பொண்ணு அங்க ஓடைக்கே வைத்தியம் பாக்குறா" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அவளுக்குக் கூட்டாளியாக வாய்த்தவனை வகுப்பில் எல்லோரும் ஸ்பீடு என்றுதான் கூப்பிட்டார்கள். குளியலோ பரீட்சையோ, எதையும் முதல் ஆளாக முடித்துவிட்டு வந்து நிற்பான்.

அன்றைக்கு ஐந்து இடங்கள் முடிந்திருந்தன. ஆறாவது இடத்துக்கு நாணல் புதருக்குள் அரை மணி நேரம் நடக்க வேண்டும். பூட்ஸ் கடித்து அவளுடைய குதிகால் தோலுரிந்திருந்தது.

"ஐந்தாவதுல எவ்வளவு?" என்றான் ஸ்பீடு.

"ஆறு புள்ளி ரெண்டு."

"நேரா ஏழாவதுக்குப் போயிடுவோம். நடுவுல ஒரு நம்பரப் போட்டுக்கோ. பத்து வாரமா அதே தண்ணி. இன்னைக்குன்னு பாத்து அதுக்கு என்ன கல்யாணமா?"

அவள் சிரித்துவிட்டாள். ஏழாவது இடத்தில் ஆறு புள்ளி ஆறு வந்தது. காலியாக இருந்த கட்டத்தில் ஆறு புள்ளி நான்கு என்று எழுதினாள். அட்டவணை பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, அறிக்கை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பெண்மணி நிலையத்துக்கு வந்தாள். ஓடைக்கரையில் செடி வளர்த்து விற்கிற நாற்றுப்பண்ணைக்காரி. நகங்களுக்கடியில் மண். கையில் நாலாக மடித்த காகிதம்.

"புதன்கிழமை ஓடைய அளந்தவங்க யாரும்மா?"

பேராசிரியை இவர்கள் இருவரையும் காட்டினார்.

ஐந்தாவது இடத்தைத் தாண்டியதும் ஒரு தொழிற்சாலை இருந்தது. அது மதகை இறக்கினால் ஓடைத் தண்ணீர் முழுவதும் அதன் வாய்க்காலுக்குள் போய், சுற்றி வந்து, ஏழாவது இடத்துக்குச் சற்று மேலே திரும்பவும் ஓடையில் விழும். நடுவில், ஆறாவது இடத்தை ஒட்டி இருப்பது அந்தப் பெண்மணியின் பண்ணை. அந்தப் புதனன்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மதகு மூடியே இருந்தது என்று அவள் நீர்வள அலுவலகத்தில் புகார் கொடுத்திருந்தாள். பதில் வந்துவிட்டது. ஆய்வு மாணவர்களின் பதிவுப்படி அன்று அந்த இடத்தில் நல்ல தண்ணீர் இருந்தது, ஆகவே புகார் தள்ளுபடி.

"நான் சண்டைக்கு வரலம்மா," என்றாள் அவள். "அன்னைக்கு நீங்க எந்தப் பக்கம் நின்னு அளந்தீங்க? நான் பகல் முழுக்க அங்கதான் இருந்தேன், என் கண்ணுக்கு ஒரு சொட்டு படல. படிச்ச புள்ளைங்க பொய் எழுத மாட்டீங்க. எனக்குத் தெரியாத குழி ஏதாவது இருந்தா காட்டுங்க. இனி மதக மூடுற நாள்ல வாளியில மொண்டாவது மிச்ச நாத்தக் காப்பாத்திக்குவேன்."

ஸ்பீடு மேசைக்கடியில் மாணவியின் காலை மிதித்தான். சொன்னால் செமஸ்டர் போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும். அம்மாவின் தெரு ஒருமுறை கண்முன்னே வந்து போனது. அந்தப் பெண்மணி திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். தன் கண்ணைவிட இவள் எழுதிய எண்ணை நம்பி வந்து நிற்பவளை என்ன செய்வது?

"குழி இல்லக்கா," என்றாள். "நாங்க அங்க வரவே இல்ல. அந்த நம்பர் நானா எழுதினது."

நாற்றுப்பண்ணைக்காரி காகிதத்தை மறுபடியும் நாலாக மடித்தாள். "அப்போ... குழி எதுவும் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இந்த செமஸ்டர் உனக்குச் செல்லாது. புரியுதா?"

"புரியுது மேடம். அலுவலகத்துக்கு நானே எழுதித் தர்றேன். நேர்ல போயும் சொல்றேன்."

அன்று மாலைக்குள் கடிதம் எழுதியாகிவிட்டது. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் வந்து நின்றான் ஸ்பீடு. அவனுடைய பெயரும் அதே அட்டவணையில்தான் இருந்தது.

"ஒரே ஒரு கட்டம். அதுக்குப் போய் ரெண்டு பேரோட படிப்பையும் காவு குடுத்துட்டியே!"

அவள் கடிதத்தை அவன் பக்கம் நகர்த்தி, பேனாவையும் நீட்டினாள்.

"நமக்கு அது ஒரு கட்டம். அங்க ஒருத்தங்க இருக்காங்கடா. போய்ப் பாக்காம நாம எழுதுற பொய், அங்கயே நின்னு பாத்தவங்களப் பொய்யாக்கிடுது."