பெட்டி இல்லாத கம்ப்யூட்டர்

ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும், நடுவில் இருக்கிற ஊர்களையும் சேர்த்து, கேம் ஆடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பொறுக்கிச் சேர்க்கத் தகுதியுள்ள மூளை ஒன்றுதான் இருந்தது. அது ஜெஸ்டனின் மூளை. இந்தத் தகவலை எங்களுக்குத் தெரிவித்தவனும் ஜெஸ்டன்தான். 2005ஆம் வருஷம், கல்லூரி கேன்டீனில், பாதி வடையைக் கையில் வைத்துக்கொண்டு தெரிவித்தான்.

"மத்தவன்லாம் கம்ப்யூட்டர் வாங்குறான்டா. நான் உருவாக்கப் போறேன்."

சிரிக்காமல் சொன்னான். அதனால் நாங்களும் சிரிக்கவில்லை.

பணம் அவன் அம்மா கிரேஸி ஆன்ட்டியுடையது. ஆன்ட்டிக்கு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷன். வீட்டில் காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்று இருந்தது. தடித்த ஷூ லெதருக்கு அது லாயக்கில்லை. கரன்ட்டில் ஓடுகிற பவர் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டால் வீட்டிலேயே வேலை எடுக்கலாம், ஷிஃப்டுக்கு ஓட வேண்டாம் என்று சீட்டு கட்டிச் சேர்த்திருந்தார். அந்த மெஷின்தான் இப்போது கம்ப்யூட்டராக மாறப்போகிறது. கடைசி வருஷ பிராஜெக்ட்டுக்கு என்று ஜெஸ்டன் சொல்லியிருந்தான். அந்த பிராஜெக்ட்டில் ரேஸ் கார்களும் துப்பாக்கிகளும் வரும் என்பதை மட்டும் சொல்ல மறந்திருந்தான்.

"நான் இன்னும் கொஞ்ச நாள் ஷிஃப்டுக்கே போறேன், பரவால்ல" என்றார் ஆன்ட்டி. "ஆனா அது ஓடணும். ஓடலன்னா மெஷினும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல. புரியுதா?"

"ஓடும்மா. பறக்கும் பாரு."

"பறக்க வாணாம். ஓடுனா போதும்."

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கம்பெனியில் கழித்துப் போடும் மெல்லிய லைனிங் லெதர் துண்டுகளை ஆன்ட்டி வாங்கி வந்து, அந்தக் கால் மெஷினில் வீட்டிலுள்ள சகலத்துக்கும் உறை தைப்பார். டிவிக்கு உறை. ரிமோட்டுக்கு உறை. மிக்ஸி, டார்ச், பைபிள், கேஸ் சிலிண்டர், எல்லாம் ஓரத்தில் சிவப்பு நூல் ஓட, பூட்ஸ் போட்ட போலீஸ்காரர்கள் மாதிரி விறைப்பாக நிற்கும். ஒவ்வோர் உறையும் முடிந்ததும் ஆன்ட்டி நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கும். அதற்கும் உறை உண்டு.

"எங்க வீட்ல சட்ட போடாம சுத்துறது பல்லி மட்டும்தான்" என்று ஜெஸ்டன் கேன்டீனில் அறிவித்திருந்தான்.

நானும் அவனும் வேலூருக்குப் பஸ் ஏறினோம். ஜெஸ்டனுக்கு உட்கார முடியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தான், எழுந்தான், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், மறுபடி உட்கார்ந்தான். மாதனூரில் பிராசஸர் இன்டெல் என்று முடிவானது. பள்ளிகொண்டாவில் அது ஏஎம்டி ஆனது. பொய்கை தாண்டும்போது மறுபடி இன்டெல். வேலூரில் இறங்கும்போது ஏஎம்டி என்று என் சட்டையைப் பிடித்துச் சத்தியம் செய்தான். ஆனால் எதை மாற்றினாலும் ஒன்று மாறவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு பெரிதாக வேண்டும். பணமோ நடுத்தரமான கார்டுக்குத்தான் வரும்.

மக்பூல் அகமது பாயின் கடை மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், பவர் சப்ளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "கேபினெட் இன்னா கலர்ல வேணும் தம்பி?" என்றார்.

"கேபினெட் வேணாம் பாய்."

"வீட்ல பழசு இருக்குதா?"

"இல்ல. வேணாம். அந்தக் காசுக்குப் பெரிய கார்டு குடுங்க."

பாய் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஜெஸ்டன் விளக்கம் கொடுத்தான். எங்கள் ஊரில் எக்ஸ்போர்ட்டுக்குப் போகாமல் கழிந்த ஷூக்கள் பெட்டி இல்லாமல், ஜோடி ஜோடியாகக் கயிற்றில் கட்டி விற்கப்படும். அதே ஷூ, அதே தையல், விலை மட்டும் கம்மி. பிறந்ததிலிருந்து பெட்டிக்குக் காசு கொடுத்து ஷூ வாங்கிய ஆம்பூர்க்காரனை நானும் பார்த்ததில்லை.

"பெட்டி ஃபாரின்காரனுக்கு பாய். பொருள்தான் நமக்கு. கம்ப்யூட்டர்னா போர்டு. மீதி தகரம்."

"ஷூவ கால்ல போடுவ. இத எங்க போடுவ?"

ஜெஸ்டன் அலமாரியிலிருந்த பெரிய கார்டைக் கைகாட்டினான். மேதைகள் சில கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை. பாய் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"பேஜார் புடிச்ச தோஸ்தா புடிச்சிருக்கியே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பெரிய கார்டை எடுத்துப் போட்டார்.

அன்று சாயந்திரம் ஜெஸ்டன் வீட்டு முன்னறையில், இரண்டு ஷூ அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, அவற்றின் மேல் கம்ப்யூட்டர் உருவானது. பெட்டி வேண்டாம் என்றவன் இரண்டு பெட்டிகளை உபயோகித்ததை நான் குறிப்பிடவில்லை. மானிட்டர் கேபிளின் கனம் கார்டைச் சாய்த்தது. ஷூவுக்கு உருவம் கொடுக்கிற மரப்பாதம் ஒன்று வீட்டில் கிடந்தது. அதை முட்டுக் கொடுத்தான். ஒரு கால் மட்டும் உள்ள யாரோ கம்ப்யூட்டரின் மேல் ஏறப் பார்ப்பதுபோல் இருந்தது.

பிளக்கைச் சொருகியபிறகுதான் ஒரு சின்ன விஷயம் புலப்பட்டது. கம்ப்யூட்டரை ஆன் செய்கிற பட்டன் கேபினெட்டில் இருக்கும்.

ஜெஸ்டன் பாய்க்குப் போன் போட்டான். பாய் முதலில் சிரித்து முடித்தார். பிறகு, போர்டின் ஓரத்தில் இரண்டு சின்னக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டையும் சேர்த்துத் தொடு என்றார். தொட்டான். ஃபேன் சுற்றியது. மானிட்டரில் எழுத்து வந்தது. சாவி தொலைந்த லாரியை ஒயரைத் தேய்த்து ஸ்டார்ட் செய்வதுபோல, அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் ஸ்க்ரூ டிரைவரால்தான் ஸ்டார்ட் ஆனது.

ஷிஃப்ட் முடிந்து வந்த ஆன்ட்டி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாடா இது, கொடலெல்லாம் வெளிய தெரியுது?"

"அப்டித்தாம்மா இருக்கணும். காத்து வாங்கும்."

"தூசு உழும்டா. லைனிங் பீஸ் இருக்குது, ஒரு கவர் தெச்சுத் தர்றேன்."

ஜெஸ்டன் என் பக்கம் திரும்பி, நான் ரசிப்பதற்காகவே உரக்கச் சொன்னான்: "யம்மா, இது கம்ப்யூட்டரு. ஞானஸ்நானத்துக்குத் தூக்கினு போற கொழந்த இல்ல, சட்ட தெச்சுப் போட. உன் சிலிண்டருக்கு வேணா ஸ்வெட்டர் போடு."

ஆன்ட்டி கோபப்படவில்லை. "ஓடுதா?" என்றார்.

"ஓடுது."

"அது போதும்" என்று சமையலறைக்குப் போய்விட்டார்.

அதற்குப்பிறகு அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. சீலிங் ஃபேன் போடக்கூடாது, தூசு கிளம்பும். முன்னறையைப் பெருக்கக்கூடாது. மிளகாய் தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்த வேண்டும். வகுப்பில் ஜெஸ்டனின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரே பெஞ்ச் என்பதால் நாங்களும் சேர்ந்து ஆடினோம். மத்தியானம் ஆனால் காணாமல் போய்விடுவான். வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டர் அங்கேயேதான் இருக்கிறதா, அதன்மேல் எதுவும் விழவில்லையா என்று பார்த்துவிட்டு வருவான். கேம் ஆடும்போதும் ஒரு கண் ரேஸ் காரில், ஒரு கண் கூரையில். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் மேலே பார்ப்பான். அதனால் எல்லாப் பந்தயத்திலும் கடைசி.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அதிசயமாக அவன் கார் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் பக்கத்தில். ஆன்ட்டி அதே அறையின் மூலையில் கால் மெஷினில் எதையோ தைத்துக்கொண்டிருந்தார். ஜெஸ்டன் அன்று கூரையைப் பார்க்க மறந்தான்.

டர்ர்ர் என்று ஒரு சத்தம். ஸ்க்ரீன் கறுத்தது. பிராசஸர் ஃபேனிலிருந்து ஒரு பல்லி துள்ளிக் குதித்துச் சுவரேறி ஓடியது. வால் மட்டும் ஃபேன் இதழ்களுக்கு நடுவில் நின்று துடித்தது.

மூலையில் மெஷின் சத்தம் நின்றது. ஆன்ட்டியின் கால் மிதிபலகைமேல் அப்படியே இருந்தது.

"ஓடுமா?" என்றார்.

ஜெஸ்டன் வாயைத் திறந்தான். பறக்கும் என்று சொல்லவில்லை. குனிந்து ஃபேனைப் பார்த்தான். ஆன்ட்டி தையல் பிரிக்கிற இடுக்கியை எடுத்து நீட்டினார். வாங்கிய அவசரத்தில், இரண்டு தடவை வாலுக்குப் பதில் ஒயரைப் பிடித்தான். ஒரு வழியாக வால் வந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்தான். ஒன்றுமில்லை. மறுபடி வைத்தான். ஒன்றுமில்லை. ஆன்ட்டி எங்களைப் பார்க்கவில்லை. பவர் மெஷின் வந்தால் போடலாம் என்று காலியாக விட்டு வைத்திருந்த ஜன்னலோர இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெஸ்டனும் அதைக் கவனித்துவிட்டான்.

சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை வைத்தான். ஃபேன் முனகியது. சுற்றியது.

மூலையில் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. கவரைப் பற்றி ஆன்ட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஜெஸ்டன் பதிலுக்கு ஏதாவது நக்கலடித்திருப்பான், எல்லாம் சரியாகியிருக்கும்.

திங்கட்கிழமை அவன் கல்லூரிக்கு வரவில்லை. மத்தியானம் போய்ப் பார்த்தேன். ஆன்ட்டி ஷிஃப்டில் இருக்கிற நேரம். ஆனால் உள்ளே கால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெஸ்டன் உட்கார்ந்திருந்தான். மடி நிறைய லைனிங் லெதர் துண்டுகள். தரையில் அளவு டேப், வளைத்து நிறுத்திய கம்பிச் சட்டம். ஃபேன் வருகிற இடத்தில் வரிசையாக ஓட்டை குத்தியிருந்தான். ஸ்க்ரூ டிரைவர் நுழைய ஒரு சின்ன ஜன்னல், அதற்கு மூடி, மூடிக்கு ஒரு பிரஸ் பட்டன். தையல் வேலூர் பஸ் மாதிரி அங்கங்கே நின்று நின்று போயிருந்தது.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஓரத்துக்குக் கறுப்பு நூல் போட்லாமா?" என்றான், தலை நிமிராமல்.

"போடு."

கறுப்பு நூலைக் கோத்தான். பார்த்தான். உருவிவிட்டுச் சிவப்பைக் கோத்தான். மறுபடி கறுப்பு. ஷிஃப்ட் விடுகிற சங்கு தூரத்தில் கேட்டதும் அவசரமாகச் சிவப்பையே போட்டு, ஓரம் முழுக்க ஓட்டி முடித்தான். கத்தரிக்கோல் பக்கத்தில்தான் இருந்தது, உறைக்குள். அவன் குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.