ஐந்தாவது அறை

லுஹருக்குப் பிறகு, பகல் தொழுகை முடிந்து வருவதாகச் சொன்ன மனிதர் காலை பத்து மணிக்கே வந்து இறங்கிவிட்டார். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் நேரத்துக்கு முன்னால் வந்ததாக என் வாழ்நாளில் நான் கேள்விப்பட்டதில்லை. அந்த அதிசயம் என் விஷயத்திலா நடக்க வேண்டும்!

நான் இத்தாவில் இருந்தேன். என் கணவர் நஸீப் மௌத்தாகி அன்றைக்கு அறுபதாவது நாள். நான்கு மாதமும் பத்து நாளும் முடியும்வரை விதவை வீட்டை விட்டு இறங்கக் கூடாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. மார்க்கம் சொல்வது ஒரு பங்கு என்றால் எங்கள் ஊர் அலவத்துகொடைப் பெண்கள் சொல்வது மூன்று பங்கு. கண்ணாடி பார்க்கக் கூடாதாம், குரல் வெளியே கேட்கக் கூடாதாம். நான் யாரோடும் வாதாடவில்லை. இருபத்திரண்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்திய மனிதருக்காக நான்கு மாதம் ஒதுங்கி இருப்பது ஒரு பெரிய காரியமா?

எங்கள் வீட்டை ஊரார் 'வலவ்வ', அதாவது பெரிய மாளிகை, என்பார்கள். நஸீபின் பாட்டனார் மிளகும் கராம்பும் விற்றுக் கட்டியது. எங்கள் கைக்கு வந்தபோது கூரையில் பாதி இல்லை, வௌவால்கள்தான் குடியிருந்தன. இவர் ஆறு வருஷம் ஓடு ஓடாகக் கழற்றிக் கழுவிப் போட்டார். கண்டிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் தங்கிப் போக ஐந்து அறைகளை ஆயத்தப்படுத்தி, வீட்டை என் பெயரில் எழுதி, அரசாங்க விடுதிப் பதிவுக்கும் என் பெயரிலேயே விண்ணப்பம் போட்டார். முதல் முறை கூரை முடியவில்லை என்று பரிசோதனை தள்ளிப்போனது. இரண்டாம் முறை அவர் மௌத்தாகி, வீடு மையித்து வீடாகிப்போனது. இது மூன்றாவது முறை.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும், கணவரின் நானா, அவருக்கு மூத்தவரான மஹ்மூத் மச்சான் பேச்சை எடுத்தார். கொழும்புக் கம்பனி ஒன்று வீட்டை முப்பது வருஷக் குத்தகைக்குக் கேட்கிறதாம். நானும் மகள் நுஹாவும் அக்குறணையில் அவருடைய வீட்டு மேல்மாடியில் இருந்துகொள்ளலாமாம். திரைக்குப் பின்னால் இருந்த நான், என் நானாமாரும் கேட்கத்தக்கதாக வாக்குக் கொடுத்தேன்: இந்த முறையும் பதிவு கிடைக்காவிட்டால் மச்சான் சொல்கிறபடி கேட்கிறேன் என்று. வீறாப்பில் சொன்ன வாக்குத்தான். ஆனாலும் வாக்கு வாக்குத்தானே.

இப்போது எங்கள் முட்டாள்தனத்தைக் கேளுங்கள். நான் இத்தா இருந்தது அந்த ஐந்தாவது அறையில். உள்ளேயே குளியலறை, ஜன்னலுக்கு நேரே வெறும் மலைச்சரிவு. ஒருத்தரும் எட்டிப் பார்க்க முடியாது என்று வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தெரிவு செய்தார்கள். இதையும் ஒருவர் பரிசோதிக்க வருவார் என்பது கடைசி வாரம்தான் எங்கள் மூளையில் உறைத்தது. சரி, பதினொரு மணிக்கு நான் குசினிப் பக்கத்து அறைக்கு மாறிவிடுவது என்று முடிவு செய்திருந்தோம்.

நுஹா கதவை ஒருக்களித்துத் திறந்து உள்ளே நுழைந்தாள்.

"உம்மா, அவர் வந்துட்டார். பெரியப்பா முத்தத்து விறாந்தைல கதிர போட்டு இருத்தீக்கிறார்."

"நான் எப்பிடி அங்கால போற?"

"போக ஏலா. உங்கட கதவுக்கு நேராத்தான் இருக்கிறார்."

அவள் தேத்தண்ணி கொடுக்கப் போய்விட்டாள். நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். வந்தவரின் பெயர் மோகனராஜ், கண்டி டவுன்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ரூமெல்லாம் பாத்துட்டு நான் கெளம்பிடுறேங்க, ஹாஜியார். இன்னொரு எடத்துக்கும் போகணும்."

"வாங்க, காட்டுறன்" என்றார் மச்சான்.

முதல் அறை. குழாய் திறக்கும் சத்தம், சுவிட்சுகள் தட்டும் சத்தம். இரண்டாவது அறையில் ஜன்னல் கொளுவியை இழுத்துப் பார்த்தார். மூன்றாவதில் ஏதோ கேட்டார், மச்சான் பதில் சொன்னார். நான்காவதில் வெகுநேரம். உள்ளே தம்பி மனைவி இத்தா இருக்கிறார், ஐந்து நிமிஷம் வெளியே நில்லுங்கள் என்று மச்சான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வார் என்றுதான் நம்பினேன்.

காலடிகள் என் கதவுக்கு வெளியே வந்து நின்றன.

"இது?"

"அது ஸ்டோர் ரூம். பழைய சாமான் போட்டீக்கிது."

"அப்ப நாலுதானா? விண்ணப்பத்துல அஞ்சுன்னு போட்டிருக்கே."

"நாலுதான்."

"அஞ்சு இல்லாட்டி இந்த வகையில பதிய முடியாதுங்க. நிராகரிச்சுத்தான் எழுதணும்."

"எழுதுங்க. அதுக்கென்ன."

அதுக்கென்ன! ஆறு வருஷ உழைப்பு இவருக்கு அதுக்கென்ன! என் உச்சந்தலை கொதித்தது. நுஹா தொண்டையைச் செருமுவது கேட்டது. பேசுவாள் என்று பார்த்தேன். பேசவில்லை. பிறத்தியார் முன்னால் பெரியப்பாவைப் பொய்யராக்க அந்தப் பிள்ளைக்கு எப்படி வாய் வரும்? பைலின் தாள் புரளும் சத்தம் கேட்டது. எழுதத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தது.

"அது ஸ்டோர் ரூம் இல்ல" என்றேன்.

அறுபது நாளில் என் குரல் இப்படி உரக்க வந்ததில்லை.

"அதுதான் அஞ்சாவது ரூம். நான் உள்ளுக்கு இத்தா ஈக்கிறன். என்ட மாப்பிள மௌத்தாகி ரெண்டு மாசம்."

"றலியா! வாய மூடு!" என்றார் மச்சான்.

மோகனராஜ் தடுமாறிப்போனார். "மன்னிச்சுக்குங்கம்மா, எனக்குத் தெரியாது. நான் வேற ஒரு நாளைக்கு வரட்டுங்களா?"

"வேற நாளெண்டா எப்ப?"

"அது... அடுத்த வருஷம் ஆயிடும்."

"அப்ப இண்டைக்கே பாருங்க. அஞ்சு நிமிஷம் தாங்க."

அபாயாவை மாட்டினேன், முகத்தை மூடினேன். அவர் அறையைப் பார்க்கும்வரை குளியலறைக்குள் நின்றுகொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. பிறகு அவர் குளியலறையையும் பார்க்க வேண்டுமே! அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு வழி இல்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவைத் திறந்தேன்.

மோகனராஜ் தலையைக் குனிந்து தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நுஹா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். முற்றத்தைக் கடந்து குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அங்கிருந்தும் குழாய்ச் சத்தம் கேட்டது.

"தண்ணி கொஞ்சம் மெதுவா வருதே" என்றார் மோகனராஜ். என் உயிர் போய் வந்தது. "பரவால்ல, போதும். கட்டில், மெத்தை எல்லாம் நல்லாருக்கு. அஞ்சுன்னே போட்டுடுறேன்."

நுஹா படிவத்தைக் கொண்டுவந்தாள். சொந்தக்காரர் என்ற இடத்தில் ஒப்பமிட்டேன். பதிவுக் கடிதம் மாத முடிவுக்குள் வரும், அதன் பிறகு தங்க ஆட்களை எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

முச்சக்கர வண்டியின் சத்தம் வளைவில் மறைந்த பிறகு மச்சான் குசினிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

"இத்தால ஈக்கிற பொம்பள வெளி ஆம்பளக்கு முன்னால நடந்து போற! ஊருக்கு நான் என்ன செல்லுற?"

"ஸ்டோர் ரூமெண்டு செல்லத் தெரிஞ்ச உங்களுக்கு அதுவும் செல்லத் தெரியும், மச்சான்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மஹ்மூத் மச்சான், தம்பியின் ஜனாஸாவிலும் அழாத மனிதர், அழுதுகொண்டிருந்தார்.

"என்ட தம்பி மௌத்தான கட்டில், றலியா. அதுல எவனோ ஒருத்தன் வந்து படுக்கப் போறானா?"

இவ்வளவு நேரம் இதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. வருகிறவர்களுக்கு மெத்தை சரியா என்று நாமே ஒருக்கால் படுத்துப் பார்ப்போம் என்று பின்னேரம் அஸருக்குப் பிறகு அந்த அறையில் போய்ப் படுத்தவர்தான் நஸீப். பொழுது சாய்ந்து மஃரிபுக்குத் தொழ எழுப்பப் போனேன். அவர் எழும்பவில்லை.

"ஓ, மச்சான்" என்றேன். "படுக்கத்தான் போறாங்க. அதுக்குத்தானே அவர் கட்டின."

அவர் படியிறங்கிப் போனார். ஜெயித்துவிட்டோம் என்று நுஹா என்னைக் கட்டிப்பிடித்தாள். பிள்ளையை விலக்கிவிட்டு நான் திரும்ப அறைக்குள் வந்து கதவைச் சாத்தினேன். மோகனராஜ் மெத்தையை அழுத்திப் பார்த்த இடத்தில் விரிப்பு கசங்கியிருந்தது. எனக்கு இன்னும் எழுபது நாள் இருக்கிறது. அது முடிகிற அன்று இந்த அறைச் சாவியை முன்பின் தெரியாத ஒருவர் கையில் நானே கொடுக்க வேண்டும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். குரல் வெளியே கேட்டது, கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.