வீட்டுக்கு வீடு ஒரு வாய்

பொழுது சாய்ந்தால் செந்தாமரையின் வேலியோரம் மாடுகள் வந்து நின்றுவிடும். எல்லாம் கன்றைப் பறிகொடுத்த மாடுகள். மேய்ச்சல் முடிந்து தங்கள் வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்து, உள்ளே கட்டியிருக்கும் அவளுடைய கன்றைப் பார்த்துக் கத்தும். கோமாரி நோய் வந்து வாரிக்கொண்டு போன ஊரில் மிச்சமிருக்கும் ஒரே கன்று அதுதான். செந்தாமரை அவற்றை விரட்டமாட்டாள். விரட்டுகிற தைரியம் அவளுக்கு எங்கிருந்து வரும்?

காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அமிர்திப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு விவசாயியிடம் சினை மாடு வாங்கினாள். கீழே கோமாரி, ஊசி போட்டு டாக்டர் சரி என்று சொல்லும்வரை மலைக்கு மாடு ஏறக்கூடாது என்று செக்போஸ்டில் மறித்தார்கள். மாடோ நிறைமாதம். எவர் வீட்டுக் கொட்டகையிலோ கன்று போட விடுவதா என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. மலைக்காரிக்குத் தார் ரோடு ஒன்றுதானா வழி? புளி உலுக்கப் போகிற காட்டுப் பாதையில் ஓட்டி வந்துவிட்டாள். மாட்டின் குளம்பிடுக்கில் ஆறிக்கொண்டிருந்த புண் இருந்தது. கல் குத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதுதான் வசதியாக இருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புது மாடு வந்தால் வீட்டுக்கு வீடு தொட்டியில் ஒரு வாய் கழனித்தண்ணீர் குடிக்க வேண்டும். அப்புறம்தான் அது ஊர் மாடு, மந்தையோடு மேயலாம். செந்தாமரை கொம்புக்கு மஞ்சள் பூசி, ஒரு வீடு பாக்கியில்லாமல் கூட்டிப்போனாள். நோய்க்கு இதைவிடப் பெரிய வரவேற்பை யாரும் கொடுத்திருக்க முடியாது.

சில நாளில் ஊர் மாடுகளுக்கு வாயில் நுரை தள்ளியது, கால் நொண்டியது. பெரிய மாடுகள் தேறிவிட்டன. கன்றுகள் மடியில் வாய் வைத்தபடியே சரிந்து விழுந்தன. செந்தாமரையின் மாடு மட்டும் ஒரு குறையுமில்லாமல் கன்று போட்டது. அந்தக் கன்றும் துள்ளித் திரிந்தது.

ஜமுனாமரத்தூரிலிருந்து வந்த மாட்டு டாக்டர் ஜீவானந்தம், கீழேயிருந்து மாடு ஏதாவது வந்ததா என்று கேட்டார். எல்லாரும் செந்தாமரையைப் பார்த்தார்கள். தடை போடுவதற்கு முன்பே ரோடு வழியாகக் கொண்டுவந்ததாக அவள் சொன்னாள். நோய் கண்டு தேறிய மாடு அதை வெகுநாள் தொண்டையில் வைத்திருக்கும், ஊரைவிட்டு எந்த மாடும் போகக்கூடாது, அடுத்த வீட்டுத் தொட்டியில் வாய் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் போனார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாடுகள் கத்தாத நேரத்திலும் கத்தல் கேட்டது. உலை கொதித்தால் அதற்குள்ளும் கேட்டது.

ஊரோ வேறு மாதிரி யோசித்தது. ஊரே விழுந்து கிடந்தபோது தாயும் கன்றுமாக நின்றது அம்மன் மாடுதான் என்று ஊர்க்கவுண்டர் சுப்பிரமணி சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னது நோய் மாட்டுக்கு, அம்மன் மாட்டுக்கு என்ன தடை? நோய் இன்னும் எட்டாத பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போய்த் தொட்டிக்குத் தொட்டி வாய் வைக்கச் செய்தால் அந்த ஊராவது தப்பிக்கும் என்றார். செந்தாமரையின் மகள் நதியாவைக் கட்டிக்கொடுத்திருந்தது அந்த ஊரில்தான்.

ஊர் கூடிப் பேசிய அந்த இடத்திலேயே செந்தாமரை வாயைத் திறந்திருக்க வேண்டும். கன்றைப் பறிகொடுத்த முகங்களைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டாள். பாவி, ஒரு ராத்திரியில் என்ன மாறிவிடும் என்று நினைத்தாளோ.

விடிந்ததும் சுனைக்குப் போய்த் தண்ணீரோடு திரும்புவதற்குள் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். கன்று தனியாக நின்று கத்திக்கொண்டிருந்தது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். மேட்டில் ஏறும்போதே பக்கத்து ஊர் மேளம் கேட்டது. இறங்கி, மகள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். குங்குமம் வைத்த மாடு அப்போதுதான் தொட்டியிலிருந்து தலையை எடுத்தது.

நதியா சிரித்த முகமாக ஓடிவந்தாள். “மொதல்ல நம்ம வூட்லதாம்மா குடிச்சிது. உன் மாடுன்றதால எனக்குத்தான் மொத மரியாத.”

செந்தாமரை பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். அடுத்த வீட்டுக்குப் போகவிடாமல் குறுக்கே நின்றாள்.

“இது அம்மன் மாடு இல்ல. நோய் மாடு. செக்போஸ்ட்ல மறிச்சாங்க, நாந்தான் காட்டு வழியா திருட்டுத்தனமா ஓட்டினு வந்தேன். நம்மூரு கன்னுங்க செத்தது என்னாலதான்.”

மேளம் நின்றது. சுப்பிரமணி மாட்டைவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவர் வீட்டிலும் ஒரு கன்று போயிருந்தது. அடுத்த வீட்டுக்காரி தன் தொட்டியை எத்திக் கவிழ்த்தாள். தெரு நெடுகப் பெண்கள் கன்றுகளை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

நதியா மட்டும் அசையவில்லை. கூட்டத்தைப் பார்த்து மிரண்டு ஒதுங்கியிருந்த அவள் வீட்டுக் கன்று, இதற்குள் மெல்ல வந்து தொட்டியில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்துவிட்டு மூக்கை நக்கிக்கொண்டிருந்தது. நதியா அதையே பார்த்துக்கொண்டு, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள்.

“டாக்டரு வந்த அன்னைக்கே” என்றாள் செந்தாமரை.