எங்கள் வீட்டு எண்ணெய்

செஞ்சிக் கடைத்தெருவில் எங்களை எண்ணெய்க்காரர் வீடு என்றே சொல்வார்கள். மூன்று தலைமுறையாகச் செக்கு எங்களுடையது. விளக்குக்கோ, தாளிப்புக்கோ, தலைக்கோ நாங்கள் வெளியே எண்ணெய் வாங்கியதில்லை. கலப்படம் என்ற சொல்லை எங்கள் வாசலில் யாரும் உச்சரித்ததில்லை. அப்பா கண்ணை மூடும்போது செக்கையும் கடையையும் எனக்கும் தம்பிக்கும் பொதுவில் விட்டார். வீட்டின் பேரை மட்டும் மூத்தவனான என்னிடம் ஒப்படைத்தார்.

அவலூர்பேட்டையிலிருந்து கடலை மூட்டை ஏற்றிவர ஒரு லாரி வாங்கினோம். கணக்கும் வண்டியும் தம்பி ஆதிநாராயணன் பொறுப்பு. ஓட்டுவது சைபுதீன். பீடியைக்கூட வண்டிக்கு வெளியே நின்றுதான் பிடிப்பான்.

வண்டி விஷயத்தில் அவனுக்கென்று ஒழுங்கு உண்டு. எஞ்சின் ஆயிலை விரலில் தொட்டுப் பார்ப்பான். கறுத்து நீர்த்திருந்தால், வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கி, சூட்டோடு வடிப்பான். ரேடியேட்டரில் அதற்கு நேர்மாறு. வண்டி நன்றாக ஆறாமல் மூடியில் கை வைக்கமாட்டான். துருச்சிவப்பு போய்த் தெளிவாக வரும்வரை அலசுவான். உப்புக் கிணற்று நீர் ஆகாது என்று மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்திருப்பான். பிரேக் ஆயிலை வருஷத்துக்கொரு முறை, ஐப்பசி மழைக்கு முன்னால், முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக விடுவான்.

"அது காத்துல இருக்கற ஈரத்தக் குடிக்கும் மொதலாளி. பார்த்தா நல்லாத்தான் இருக்கும். அமுக்கும்போது கைவுட்டுடும்" என்பான்.

பாகிஸ்தான் சண்டை ஓய்ந்த அந்த ஐப்பசியில் பிரேக் ஆயில் கிடைப்பது அரிதாக இருந்தது. ஆதி திண்டிவனம் போய் ஒரு டின் கொண்டுவந்தான். சைபு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். ஆதி மேலே உட்கார்ந்து பெடலை அமுக்கினான்.

"இன்னா சின்ன மொதலாளி, மஞ்சளா இருக்குது?"

"புதுக் கம்பெனிச் சரக்குடா. உன் மூஞ்சி மட்டும் செவப்பா இருக்குதா?"

சைபு சிரித்துக்கொண்டே வேலையை முடித்தான். எங்கள் வண்டி எப்போதும் கடலை எண்ணெய் வாசனை அடிக்கும். அதனால் அவன் மூக்குக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை.

அடுத்த அமாவாசைக்கு முதல் நாள். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்ஸுக்காக ரோட்டை அடைத்துக்கொண்டு ஜனம் நின்றது. கோட்டை இறக்கத்தில் மூட்டையோடு வந்த எங்கள் லாரி நிற்கவில்லை. கை பிரேக்குக்கும் அடங்கவில்லை. சைபு கூட்டத்தில் விடாமல் ஓரமாக ஒடித்தான். அந்த ஓரத்தில் நாகம்மாள் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் எண்ணெயில்தான் எப்போதும் சுடுவாள். வண்டி புளியமரத்தில் மோதி நின்றபோது அவள் உயிரோடு இல்லை.

சைபுவை இறக்கி அடித்தார்கள். தூங்கிவிட்டான் என்றார்கள். வேண்டுமென்றே ஏற்றினான் என்று ஒருவன் கத்தினான். அந்த வருஷத்தில் அப்படிக் கத்துவது சுலபம். "பெடல் தரைக்குப் போயிடுச்சு" என்று அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. போலீசார் கூட்டிப்போனார்கள்.

"வண்டியில ஒரு கொறையும் இல்ல. அவன்தான் கண்ணசந்துட்டான்" என்று ஆதி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் நான் மெக்கானிக் கோவிந்தராஜின் பட்டறைக்குப் போனேன். லாரியை அங்கேதான் இழுத்துப் போட்டிருந்தார்கள். எங்கள் வண்டியில் எது கெட்டது என்று எனக்குத் தெரியவேண்டும்.

கோவிந்தராஜ் சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கின் உள்ளிருந்த ரப்பரை எடுத்துக் காட்டினான். ஊறிய கடலைபோல உப்பிக் கிடந்தது.

"ரப்பர ஏதோ எண்ணெ தின்னுருக்குது பெரியவரே. இன்னா எண்ணென்னுதான் புரியல."

நான் ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்தேன். முகர்ந்தேன். நாக்கில் வைத்தேன். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டேன்.

இந்த ஊரில் அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். எங்கள் செக்கின் முதல் ஓட்டுக் கடலை எண்ணெய் அது.

வீட்டுக்கு வந்து ஆதியைச் செக்கு அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"டின்னு கெடைக்கலணா" என்றான், நான் கேட்பதற்கு முன்பே. "அதுல இருக்கறது வெளக்கெண்ணெ மாதிரிதான்னு ஒருத்தன் சொன்னான். நம்ம வூட்ல இல்லாத எண்ணெயா? வெளக்கெண்ணெ கெட்டியா இருந்துது, இத ஊத்திட்டேன். எண்ணெக்காரன் வூட்டுக்காரன் எண்ணெக்குக் கடை கடையா அலையறதான்னு இருந்துச்சு."

"சைபுக்குத் தெரியுமா?"

"பழைய டின்னுல ஊத்தி எடுத்தாந்தேன். தெரியாது."

ஆதியின் மனைவி நீலாவதி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "மாமா, மத்தியானம் பிரேக் இன்ஸ்பெக்டர் வராராம். அதுக்குள்ள கோவிந்தராஜ வுட்டுக் கழுவச் சொல்லுங்க. உங்க பேச்ச அவன் தட்டமாட்டான்."

"வெளிய தெரிஞ்சா நம்ம எண்ணெய எவன் வாங்குவான்?" என்றான் ஆதி. "அப்பா பேரு இன்னாவறது?"

"அந்தப் பேரத்தான்டா நீ டின்னுல ஊத்தி மூடிட்ட."

இதைச் சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்வதென்று அப்போது முடிவு செய்திருக்கவில்லை. கடைக்குப் போய் உட்கார்ந்தேன். நாகம்மாளின் புருஷன் துரைக்கண்ணு தூக்குப் பாத்திரத்தோடு வந்தான். பிணத்தை அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்திருந்தார்கள்.

"தலமாட்டு வெளக்குக்கு எண்ணெ வேணும் மொதலாளி. வேற கடை வேணாம்னு இங்க வந்தேன். உங்க எண்ணென்னா அவளுக்கு உசுரு." ஊற்றும்போது என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். "அந்த டிரைவர சும்மா வுட்றாதீங்க. உங்களத்தான் நம்பியிருக்கறேன்."

சாவு வீட்டு விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று சொல்லக்கூடாது. ஊற்றிக் கொடுத்தேன். பிறகு கடையைச் சாத்திவிட்டுப் பட்டறைக்கு நடந்தேன்.

கோவிந்தராஜ் எதையும் கழுவியிருக்கவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் ரப்பரைப் புரட்டிப் பார்த்தார். "டிரைவர் கண்டதையும் ஊத்தியிருக்கான். அவன் மேலயே இன்னொரு குத்தம் எழுதவேண்டியதுதான்" என்றார்.

எனக்கு முன்பே அங்கே வந்திருந்த ஆதி தலையாட்டினான். பட்டறைக்கு வெளியே ஊரே நின்றிருந்தது.

என் வீட்டு எண்ணெயை என்னுடையது இல்லை என்று சொல்ல என்னால் ஆகாது. நல்ல எண்ணெய் என்று நெஞ்சை நிமிர்த்தி விற்றவன் நான். அது கொன்ற இடத்திலும் நிமிர்ந்துதான் நிற்கவேண்டும்.

"அது எங்க செக்குல ஆட்டின எண்ணெ" என்றேன். "ஊத்தினவன் என் தம்பி. டிரைவருக்குத் தெரியாது. எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்."

அன்று பொழுது சாய்வதற்குள் ஆதியைக் கூட்டிப்போனார்கள். சைபுவை விட்டார்கள். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. எங்கள் வீட்டு வாசல்வரை வந்து, லாரிச் சாவியை வைத்தான்.

"மஞ்சளா இருக்குதுன்னு சொன்னேன் மொதலாளி" என்றான். அவ்வளவுதான். இனி ஓட்டுகிறாயா என்று நான் கேட்கவில்லை.

நீலாவதி உள்ளே தன் துணிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். "பேரக் காப்பாத்திக்கினீங்க இல்ல? அத வெச்சி செக்கு ஆட்டுங்க" என்றாள். எனக்கு முதுகு காட்டிக்கொண்டே பனமலையில் உள்ள தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். நான் தடுக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் துரைக்கண்ணு வந்தான். காலையில் கொண்டுபோன தூக்கைக் கடைப்படியில் வைத்தான்.

"மிச்சம் இருக்குது, எடுத்துக்குங்க. அவ தலமாட்டுல இப்ப வேற கடை எண்ணெ எரியுது."

அவன் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். மூடிக்கு வெளியே வழிந்த எண்ணெய் படியில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க ஆளைக் கூப்பிடவில்லை. நானே குனிந்து துடைத்தேன்.