வலது இருக்கையில் கோவிந்தராஜன்

கேப்டன் கோவிந்தராஜன் இறந்த ஐந்தாம் நாள் காலை ஆறு இருபதுக்கு, ஹெப்பகோடியிலிருந்து வரும் தருண் என்ற மாணவருக்கு ஒரு மணி பத்து நிமிடம் தரையிறங்கும் பயிற்சி கொடுத்தார். மேற்கிலிருந்து லேசான காற்று. மொத்தம் ஏழு முறை இறங்கினார்கள். மூன்று சுமார், நான்கு மோசம் என்று மாணவரின் பறப்புப் பதிவேட்டில் பச்சை மசியில் குறிப்பு இருக்கிறது. கீழே கேப்டனின் கையெழுத்து, வழக்கம்போல் கடைசி எழுத்தை முடிக்காமல்.

கோவிந்தராஜன் மர்பி டவுன்காரர். நகரின் வடக்கே இருக்கும் ஒரு சிறிய விமானப் பயிற்சிப் பள்ளியில் பத்தொன்பது வயதில் விமானம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். கழுவிக்கொண்டே படித்தார். வானிலைப் பாடத்தில் நான்கு முறை தோற்று ஐந்தாம் முறை தேறினார். விமானியாகி, பிறகு பயிற்றுநராவதற்குள் பதினான்கு வருடம் ஓடிவிட்டது. அவரிடம் கற்ற முந்நூற்றுச் சொச்சம் பேர் துபாய்க்கும் டில்லிக்கும் பெரிய விமானம் ஓட்டினார்கள். அவர் அல்சூர் மார்க்கெட்டுக்கு சைக்கிள் ஓட்டினார். தெருவில் அவருக்கு ஏரோப்ளேன் வாத்தியார் என்று பெயர். ஒரு திங்கட்கிழமை, அந்த மார்க்கெட்டில் ஒரு கொத்தமல்லிக் கட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். வயது ஐம்பத்தேழு. பிள்ளைகள் இல்லை. கல்பள்ளி மயானத்தில் எரித்தார்கள். மனைவி ராதா மாநகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எழுத்தர். இருபத்தாறு வருடமாக ஊராரின் சாவை எழுதி வந்தவள், கணவரின் சாவை எழுத வேறு கையை விடவில்லை. தொழில் என்ற கட்டத்தில் விமானப் பயிற்றுநர் என்று நிரப்பி, பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, பதிவேட்டை மூடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனாள். சாப்பிடவில்லை.

பள்ளியில் எந்த மாணவர் எந்த விமானத்தில் யாரோடு பறப்பது என்று ரோஸ்டர் என்னும் பட்டியலைப் போடுகிறவள் மமதா. ராஜினாமாக் கடிதம் இல்லாமல் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுக்க அவளுக்கு அதிகாரம் கிடையாது. அதனால் கேப்டனின் பெயர் அங்கேயே இருந்தது. பயிற்சி விமானத்தில் மாணவர் இடது பக்கம், பயிற்றுநர் வலது பக்கம் உட்காருவார்கள். தருண் இடது பக்கம் உட்கார்ந்து மாற்று ஆள் யாராவது வருவார் என்று காத்திருந்தார். வந்தது குரல்தான். “கால பிரேக்ல வெக்காத. பெடல்ல வை. இது உங்க ஆபீஸ் கார் இல்ல.” திரும்பிப் பார்த்தால், வெள்ளைச் சட்டையும் தோள் பட்டையுமாகக் கோவிந்தராஜன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். பயமாக இல்லையா என்று பிறகு பலர் தருணைக் கேட்டார்கள். “செத்தவர்ங்கற பயம் கொஞ்சம்தான். செக்லிஸ்ட் மனப்பாடம் பண்ணலயேங்கற பயம்தான் ஜாஸ்தி” என்றார் அவர்.

அன்று முதல் கேப்டன் தினமும் வந்தார். இடது பக்கம் மாணவர் உட்கார்ந்தால் வலது பக்கம் இருப்பார். எஞ்சினை அணைத்து மாணவர் இறங்கியதும் இருக்க மாட்டார். பெல்ட் மட்டும் அவர் பாணியில் மடிந்திருக்கும். தலைமைப் பயிற்றுநர் பாலசுப்ரமணியன் எதையும் எழுத்தில் கேட்கும் மனிதர். காலஞ்சென்ற பயிற்றுநர் கொடுத்த பறப்பு நேரம் மாணவரின் உரிமத்துக்குச் செல்லுமா என்று மேலிடத்துக்குக் கடிதம் போட்டார். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. பயிற்றுநர் தகுதி நடப்பில் இருக்க வேண்டும், சமீபத்தில் பறந்திருக்க வேண்டும், மருத்துவச் சான்று காலாவதியாகியிருக்கக் கூடாது. இம்மூன்றும் இருப்பின் செல்லும். முதல் இரண்டும் இருந்தன. அந்த மாதத்தில் பள்ளியிலேயே அதிக நேரம் பறந்தவர் அவர்தான். மருத்துவச் சான்றுதான் அடுத்த வாரம் முடிய இருந்தது.

டாக்டர் நாகேஷ் விமானத்துக்கே வந்தார். மாணவர் இல்லாவிட்டால் நோயாளி தெரிய மாட்டார் என்பதால் தருணை இடது பக்கம் உட்காரவைத்து, சன்னல் வழியாகக் கையை நீட்டிப் பரிசோதித்தார். இரத்த அழுத்தம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்றுதான் படிவத்தில் இருந்தது, போகவில்லை. இதய வரைபடம் நேர்கோடாக வந்தது. ஒழுங்கற்ற துடிப்பு ஏதும் இல்லை என்று எழுதினார். சர்க்கரை இல்லை. கண் மட்டும், தூரத்து விமானக் கொட்டகையின் எண்ணைப் படிக்கச் சொன்னபோது தடுமாறிற்று. கண்ணாடி அணிந்து பறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, தகுதி உண்டு என்று சான்று கொடுத்தார்.

கண்ணாடி மர்பி டவுனில் அலமாரியில் இருந்தது. ராதாவிடம் இத்தனை நாளும் யாரும் எதையும் சொல்லவில்லை. ஒருவர் சொல்லியிருப்பார் என்று இன்னொருவர் நினைத்துக்கொண்டிருந்தார். மமதாதான் போன் செய்தாள், கன்னடம் கலந்த தன் தமிழில்.

“மேடம், ஊட்டா ஆயித்தா, சாப்டீங்களா? சாரோட கண்ணாடி வீட்டுல இருக்குதா? டாக்டர் கண்டிஷன் போட்டுட்டாரு.”

“எந்த சாரு?”

“நம்ம சாரே.”

“அவர் போயி ரெண்டு மாசம் ஆச்சும்மா.”

“ஹௌது, ஆமா மேடம். ஆனா நாளைக்கு ஆறரைக்கு அவருக்கு ஃப்ளைட் இருக்குதே.”

மறுநாள் ஆறேகாலுக்கு ராதா கண்ணாடிக் கூட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு விமானத்தின் அருகே நின்றாள். உள்ளே மாணவருக்குப் பக்கத்தில் அவர் இருந்தார். தலை வாரியிருந்தார். முப்பத்தோரு வருடம் தன்னோடு வாழ்ந்த மனிதரைப் பார்த்து “ஏங்க” என்றாள். அவர் திரும்பி, பயிற்சிக்கு வரும் எல்லாப் பெண்களிடமும் பேசும் குரலில், “மேடம், ப்ரொபெல்லர் முன்னாடி நிக்காதீங்க. பின்பக்கமா சுத்தி வாங்க” என்றார். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு நன்றி சொன்னார். விமானம் போய்விட்டது.

“செத்தும் வேலைக்கு வர்றாரு. வீட்டுக்கு வர வழி தெரியலயாமா அவருக்கு?” என்று மமதாவிடம் கேட்டாள் ராதா.

“வீட்டுல ரோஸ்டர் இல்லியே மேடம்” என்றாள் மமதா, ஆறுதலாகத்தான்.

மர்பி டவுனில் செய்தி ஒரே நாளில் பரவியது. பக்கத்து வீட்டு முத்தம்மா வாசலிலிருந்தே சொன்னாள்: “எங்காளு உசுரோட இருக்கசொல்லவே வேலைக்குப் போவல. உன் ஆளு செத்தும் லீவு எடுக்கல. குடுத்து வெச்சவடி நீ.” ராதா அந்த வாரமே மாணவர் உரிமத்துக்கு விண்ணப்பித்தாள். அவரோடு உட்கார வேறு வழி இல்லை. இடது இருக்கை மாணவருக்கு மட்டும்தான். ஐம்பத்து மூன்று வயதில் சேரக் கூடாது என்று விதி ஏதாவது இருக்கிறதா என்று பாலசுப்ரமணியன் இரண்டு நாள் தேடினார். ராதா அதற்கு முன்பே தேடிப் பார்த்திருந்தாள். விமான விதிகள் பற்றிய வாய்மொழித் தேர்வில் அவள் சொன்ன பதில்களைக் கேட்டு, தேர்வு நடத்தியவர்தான் தன் புத்தகத்தைத் திருத்திக்கொண்டார் என்று பள்ளியில் இன்றும் சொல்கிறார்கள்.

வானத்தில் அவர் விமானத்தைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. வங்கி நிரந்தர வைப்புக் காகிதம் எங்கே இருக்கிறது என்று இரண்டாயிரத்து ஐந்நூறு அடியில் கேட்டால், “மேடம், வேகம் குறையுது பாருங்க” என்பார். ஆனால் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடத்துக்கு விமானத்தை உருட்டி வரும் அந்த நான்கு நிமிடத்தில் அவர் முகம் இளகிவிடும். காகிதம் பழைய ரெக்சின் பையில் இருக்கிறது என்பார். மழைக்கு முன் மாடித் தொட்டியை மூடச் சொல்வார். கொத்தமல்லி அன்று நன்றாகவே இருந்தது என்றும் ஒரு முறை சொன்னார். ராதா விமானத்தை மெதுவாக உருட்டக் கற்றுக்கொண்டாள். நான்கு நிமிடம் ஏழாயிற்று, பதினொன்றாயிற்று. ஓரத்தில் புல் வெட்டுகிறவர்கள் அவளை முந்திக்கொண்டு போனார்கள். “என்ன மேடம், ஊர்வலம் ஏதாவது வருதா?” என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ரேடியோவில் கேட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், அவள் நன்றாக ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் தயார் என்று பட்டதும் பயிற்றுநர் முன்னறிவிப்பு இல்லாமல் ஓடுபாதை ஓரத்தில் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, தனியாக ஒரு சுற்று சுற்றி வரச் சொல்வார். கோவிந்தராஜனின் வேலை அதோடு முடிந்துவிடும். அதன் பிறகு மாணவர் வேறு பயிற்றுநரிடம் போக வேண்டும். அதாவது ராதா தேறினால் அவர் போய்விடுவார். இது புரிந்த நாளிலிருந்து அவள் சரியாக இறங்குவதை நிறுத்தினாள். ஒவ்வொரு முறையும் விமானம் மூன்று தரம் குதித்தது. பதினைந்து மணி நேரத்தில் தனியே போகிறவர்கள் உண்டு. அவள் முப்பத்தெட்டு மணி நேரம் குதித்தாள். இந்த அம்மாவுக்கு வராது போலிருக்கிறதே என்று பாலசுப்ரமணியன் வருத்தப்பட்டார்.

ஒரு வியாழக்கிழமை, குதித்து இறங்கி ஓடுபாதையில் உருண்டுகொண்டிருந்தபோது கேப்டன் கேட்டுவிட்டார். “மேடம், வேணும்னு பண்றீங்க.”

“எனக்கு வரலைங்க.”

“வராதவங்களுக்கு ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மாதிரி குதிக்கும். உங்களுக்கு மூணு குதி, மூணும் ஒரே அளவு. இவ்ளோ ஒழுங்கா தப்பு பண்ண நல்ல பைலட்டாலதான் முடியும்.”

“தெரியுதில்ல? அப்ப விட்டுடுங்களேன்.”

“இதுல என் பேரு கெட்டுப்போகும். வேலை கைக்கு வந்துட்டவங்கள நான் ஒருநாளும் பக்கத்துல ஒக்கார வெச்சிகிட்டதில்ல. நிறுத்துங்க இங்க.”

அவள் நிறுத்தினாள். அவர் பெல்ட்டைக் கழற்றினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இறந்த பிறகு அவர் அந்த இருக்கையை விட்டு இறங்கியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. கதவைத் திறந்து, இறக்கைக்குக் கீழே குனிந்து நின்று, “ராதா” என்றார். “பயப்படாத. ஒரே ஒரு சுத்து. போய்ட்டு வா.”

கதவு சாத்தப்பட்டது. அவர் புல் வழியாக நடந்து போனார். பாதி வழியில் இல்லாமல் போனார். ராதா கிளம்பாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். கிளம்பாமல் திரும்பிய மாணவர் அவர் கணக்கில் ஒருவரும் கிடையாது. முதல் ஆள் தன் பெண்டாட்டி என்று ஆகக் கூடாது என்று பட்டது. எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளினாள். ஆறு நிமிடம் மேலே இருந்தாள். ஏரி தெரிந்தது, மெட்ரோ ரயில் தெரிந்தது. கண்ணை மறைத்த தண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டாள், இரண்டு கையும் வேலையில் இருந்ததால். இறங்கும்போது சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை என்று கோபுரத்தில் இருந்தவர் சொன்னார். தனியே பறந்து வருகிறவர் தலையில் தண்ணீர் ஊற்றுவது பள்ளிப் பழக்கம். தருணும் மமதாவும் இரண்டு வாளி ஊற்றினார்கள். நனைந்த உடையோடு பேருந்தில் வீட்டுக்குப் போனாள்.

பிறகு அவள் வரவில்லை. ஒரு வாரம் கழித்து மமதா போன் செய்தபோது உடம்பு சரியில்லை என்றாள். இரண்டாம் வாரம் அலுவலகத்தில் தணிக்கை என்றாள். மூன்றாம் வாரம் பாலசுப்ரமணியனே கூப்பிட்டு, இவ்வளவு அழகாக இறங்கிவிட்டு விடுவது சரியில்லை என்றார். அவள் சளி பிடித்தவளைப் போல் இருமிக் காட்டினாள். உண்மையில் அவள் பள்ளியின் விதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில், முப்பது நாள் தொடர்ந்து பறக்காத மாணவரை, முதலில் அவரைத் தனியே அனுப்பிய பயிற்றுநரே உடன் பறந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. முப்பதாம் நாள் அவள் நகம் வெட்டினாள், தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தாள். முப்பத்தோராம் நாள் காலை ஆறேகாலுக்கு இடது இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

“ஒரு மாசமா எங்க போயிட்டீங்க மேடம்?” என்றது வலது பக்கம்.

“ரூல் புக்கு படிச்சிட்டிருந்தேன்.”

அவர் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே, “நாப்பத்தொண்ணாம் பக்கமா?” என்றார்.

“ஆமா.”

“அதை எழுதினதே நான்தான்” என்று சொல்லி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. ராதாவிடம் இன்னும் மாணவர் உரிமம்தான். அடுத்த உரிமத்துக்கு அவள் விண்ணப்பிக்கவில்லை, யாரும் கேட்பதும் இல்லை. முப்பத்தோரு நாளுக்கு ஒரு முறை, எந்தக் கிழமையில் விழுந்தாலும், அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எழுதுகிறாள். காரணம் என்ற இடத்தில், கணவருடன் வெளியே செல்வதற்காக என்று நிரப்புகிறாள். அதே அறையில் உட்கார்ந்து கோவிந்தராஜனின் இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட அதிகாரி, அந்த விண்ணப்பத்திலும் போட்டுத் தருகிறார்.